அப்பா கொண்டுவந்த துப்பாக்கி

காலுமெட், மிச்சிகன்
மார்ச் கடைசி

அன்புள்ள ரெய்னோவுக்கு,

உன் அண்ணி லெம்பி எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அதனால் அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

இங்கே பனி இன்னும் ஜன்னல் மட்டத்துக்குக் கிடக்கிறது. கூரைப் பனியை வாரித் தள்ள ஆள் வைத்தேன். உன் அண்ணன் காலமெல்லாம் இந்த ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர் அல்லவா, ஆள் வைத்ததற்கு என்னோடு பெரிய சண்டை. மண்வாரியைத் தூக்கிக்கொண்டு அவரே வெளியே போனார். வெகுநேரம் கழித்து வியர்த்து விறுவிறுத்து வந்து, "முடிஞ்சுது, காபி போடு" என்றார். எட்டிப் பார்த்தால் அடுத்த வீட்டு வாசல் பளிச்சென்று இருக்கிறது, எங்கள் வாசல் அப்படியே கிடக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

போனில் நான் உன்னிடம் எதையும் சொல்வதில்லை என்று கோபித்துக்கொள்கிறாய். எப்படிச் சொல்வது? உன் அண்ணன் அர்வோ என் முழங்கை இடிக்கும் தூரத்தில்தான் எப்போதும் உட்கார்ந்திருக்கிறார். இப்போது தூங்குகிறார், அதனால் எழுதுகிறேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படமெல்லாம் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. ஞாபகம் போகிற வியாதிதான். போனது திரும்பாது, இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்று டாக்டர் சொன்னார். அர்வோ அவரிடம், "சரி டாக்டர், மீன் பிடிக்கலாம்ல?" என்று கேட்டார். "தாராளமா" என்றார் டாக்டர். "அப்ப என்ன கவல" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். காரில் வரும்போதுதான் அழுதார், என்னைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை மதியம் ஆவிக் குளியலுக்குச் சவுனா அடுப்பை மூட்டியிருந்தேன். அவர் முதலில் போய்விட்டு வந்தார். பிறகு நான் போனேன். ஆவியில் குளித்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, சமையலறைக் கதவைத் திறந்தேன். உன் அண்ணன் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையில் உங்கள் அப்பாவின் நாற்பத்தைந்து. ஆமாம், அந்தப் பழைய பட்டாளத்துத் துப்பாக்கிதான். அதன் வாய் என் நெஞ்சைப் பார்த்து இருந்தது. கை கொஞ்சமும் நடுங்கவில்லை, ரெய்னோ. காபிக் கோப்பையைப் பிடித்தால் நடுங்குகிற கை.

"அங்கயே நில்லு. நீ யாரு? என் பொண்டாட்டி எங்க?" என்றார்.

நான்தான் லெம்பி என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும், அதைச் சொன்னால் பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிடுவார் என்று பட்டது. "லெம்பி கடைக்குப் போயிருக்கா. இப்ப வந்துடுவா. உங்களுக்குக் காபி போட்டுக் குடுக்கச் சொல்லிட்டுப் போனா" என்றேன்.

"எவளோ வந்து என் வீட்ல எதுக்குக் காபி போடணும்?"

"நான் அவ சிநேகிதி."

"எனக்குத் தெரியாம அவளுக்கு ஏது சிநேகிதி?"

"சர்ச்சுல சேர்ந்து பாத்திரம் கழுவுவோம்" என்றேன்.

அவர் யோசித்தார். "அந்தக் கூட்டமா" என்றார் சலிப்போடு. துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை. நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் அந்த முதுகு என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும். ஏலக்காய் ரொட்டியை வெட்டி, வெண்ணெய் தடவி, காபியோடு மேஜையில் வைத்தேன். அவர் உட்கார்ந்தார். துப்பாக்கியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு கடி கடித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்து, சாதாரணமாக, "லெம்பி, சாப்பிடற மேஜைல இத யாரு வெச்சது? அப்பா பாத்தா தோல உரிச்சுடுவாரு" என்றார்.

அதை எடுத்துப்போய்த் தோட்டாக்கூட்டைக் கழற்றினேன். உள்ளே தோட்டா நிறைந்திருந்தது.

இனி இதை என்ன செய்வது? விற்றுவிடலாம் என்று என் மனம் சொல்கிறது. ஆனால் இது என்னுடையது அல்ல. உங்கள் அப்பா போரிலிருந்து இதையும் ஒரு நொண்டிக் காலையும் மட்டும் கொண்டுவந்தார் என்று நீங்கள் இருவரும் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சொன்னதும் என் காதில் விழுந்ததுதான்: "மொதல்ல அர்வோ, அப்புறம் ரெய்னோ. வெளி ஆள் கைக்குப் போகக் கூடாது." அர்வோ அவர் கையைப் பிடித்துச் சரி என்றார். அந்த வாக்கில் பாதி உன்னுடையது. அதனால் உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். சீக்கிரம் சொல்.

அலாஸ்காக் கடலில், படகு வேலையில் கவனமாக இரு. கையுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்.

அன்புடன்,
அண்ணி லெம்பி


காலுமெட்
மே மாதம்

அன்புள்ள ரெய்னோ,

நீ போன் செய்து ஆறு வாரம் இருக்கும். நீ சொன்னபடியே செய்தேன். "அண்ணி, அத வித்தா அப்பாவையே வித்த மாதிரி. தோட்டாவத் தூக்கி எறிஞ்சுட்டு, பூட்டி வெச்சுடுங்க, முடிஞ்சுது" என்றாய். அலாஸ்காவிலிருந்து சொல்லும்போது முடிந்துதான் போகிறது. இங்கே முடியவில்லை. இதைக் குத்தலாக எழுதவில்லை, களைப்பாக எழுதுகிறேன்.

தோட்டாக்களைக் குப்பை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட முடியாதாம். டெல்பர்ட்டின் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்தான் மீன் இரையும் துப்பாக்கியும் விற்கிறாரே, அவருக்குத் தெரியும். துப்பாக்கியைக் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மான் வேட்டைத் துப்பாக்கிகள் போன இலையுதிர் காலத்திலேயே பாதிரியார் வீட்டுக்குப் போய்விட்டன. அவற்றை உன் அண்ணன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இதை மட்டும் கேட்டார். காலையில் எழுந்ததும் கேட்டார். மெத்தையைக் கிழித்துத் தேடினார். அடுப்புக்குள் தேடினார். கடைசியில் ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் போட்டு, வீட்டில் திருட்டுப் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். என் போன் நம்பர் ஞாபகமில்லை, ஷெரிஃப் நம்பர் ஞாபகமிருக்கிறது!

கிரிஸ்டா என்ற பெண் போலீஸ் வந்தாள். நல்ல பெண். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு மேல சந்தேகம் ஐயா?" என்று கேட்டாள்.

உன் அண்ணன் என்னைக் காட்டினார். "இந்தப் பொம்பளதான். ரொம்ப நாளா இங்கயே சுத்திட்டிருக்கா. சமையல் நல்லா பண்றா, அதான் விட்டு வெச்சிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "அம்மா, அது எங்க இருக்கு?" என்றாள். தோட்டா இல்லாமல் பூட்டி வைத்திருக்கிறேன் என்றேன். "தோட்டா கடைல கிடைக்கும்மா. பூட்டு ஒரு உதைக்குத் தாங்காது. வீட்ட விட்டு வெளிய அனுப்பிடுங்க. இன்னொரு தடவ நான் இந்த வாசலுக்கு வேற காரியமா வரக் கூடாது" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஆனால் ரெய்னோ, நியாயமாக இதையும் எழுத வேண்டும். ஒரு நாள் அவர் தவிப்பதைப் பார்க்க மாட்டாமல், வெறும் துப்பாக்கியை எடுத்து எண்ணெய்த் துணியோடு அவர் முன்னால் வைத்தேன். சட்டைப் பொத்தான் போடத் தெரியாத மனிதர் அதைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஒவ்வொன்றையும் துடைத்தார். திரும்பவும் மாட்டினார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. முகத்தில் அப்படி ஒரு அமைதி. "அப்பா சொல்லிக் குடுத்தது. ரெய்னோவுக்கு ஸ்பிரிங்கு எப்பவும் தெறிச்சு ஓடிடும், நாங்க ரெண்டு பேரும் நாற்காலிக்கு அடியில தேடுவோம்" என்றார். உன் பெயர்! மாதக்கணக்கில் அவர் வாயில் வராத பெயர். அன்று முழுக்க அவர் என் புருஷனாக இருந்தார். அப்படியானால் இதை எப்படி விற்பது? விற்றால் உன் பெயரும் போய்விடாதா? அப்படி நினைத்துத்தான் மறுபடியும் அலமாரியில் வைத்தேன். இனி எழுதப்போவதற்கு அதுதான் காரணம்.

போன வாரம் மோசமான வாரம். அவர் தூங்கவில்லை, என்னையும் தூங்க விடவில்லை. சாப்பாட்டுத் தட்டை விசிறி அடித்தார். குளிக்கக் கூப்பிட்டதற்குக் கையை ஓங்கினார், பட்டுவிட்டது. கன்னத்தில் இன்னும் இருக்கிறது, சர்ச்சில் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னேன். மறுநாள் காலை, நனைந்த படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் அறைக்குப் போனேன். மெஷினைப் போட்டேன். பிறகு அலமாரியைத் திறந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. மெஷின் ஓடி நின்றது. நான் அசையவில்லை. மனம் நிதானமாகக் கணக்குப் போட்டது. டெல்பர்ட்டிடம் கொடுத்த தோட்டாக்களைத் திருப்பிக் கேட்டால் கொடுப்பார், எதற்கு என்று கேட்க மாட்டார். முதலில் அர்வோ, அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதற்குப் பிறகு எனக்கும் ஒரு தொல்லை இல்லை.

மேலே இருந்து, "லெம்பி, பசிக்குது" என்று கத்தினார். எழுந்து போனேன். கஞ்சி வைத்தேன்.

அவர் கைக்கு மட்டும் பயந்தால் போதாது என்று அன்று தெரிந்துகொண்டேன். இதை வேறு யாருக்கும் சொல்லவில்லை. உனக்கும் போனில் சொல்லியிருக்க மாட்டேன். டாக்டரிடம் சொல்லப்போகிறேன், பயப்படாதே. அலமாரிச் சாவியைக் கிரிஸ்டாவிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

இப்போதாவது சொல், ரெய்னோ. விற்கலாமா?

அண்ணி லெம்பி


காலுமெட்
ஆகஸ்ட்

அன்புள்ள ரெய்னோவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படி. குடித்திருந்தால் நாளைக்குப் படி.

முதலில் நல்ல செய்தி. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், துணி துவைக்கும் அறை உட்பட. எனக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார். வாரத்தில் சில நாள் சர்ச்சுப் பெண்கள் வந்து அர்வோவோடு உட்காருகிறார்கள். அவர் அவர்களைச் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார். அது மட்டும் மறக்கவில்லை. நான் அந்த நேரத்தில் ஏரிக்கரைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

இனி துப்பாக்கி. விற்றுவிட்டேன்.

கோபப்படு, பரவாயில்லை. ஆனால் எப்படி நடந்தது என்று கேட்டுவிட்டுக் கோபப்படு. கிரிஸ்டா வந்து அலமாரியைத் திறந்து கொடுத்தாள். அதைப் பெட்டியில் வைத்து டெல்பர்ட் கடைக்கு எடுத்துப் போனேன். அர்வோவைத் தனியாக விட முடியாதே, ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி வண்டியிலேயே உட்கார வைத்தேன். டெல்பர்ட் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இத எங்கிட்ட கொண்டுவருவேன்னு நான் நெனச்சதே இல்ல, லெம்பி. அர்வோவுக்குத் தெரியுமா?" என்றார். எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டேன். விஸ்கான்சினில் ஒருவர் இந்த மாதிரிப் போர்க்காலத் துப்பாக்கிகளை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறாராம், நல்ல விலை கொடுப்பாராம். "இல்லேன்னா அலாஸ்கால இருக்கற கடைக்கு நானே அனுப்பறேன், ரெய்னோ அங்க போய்ச் சட்டப்படி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கட்டும். வீட்டுப் பொருள் வீட்லயே இருக்கும்" என்றார்.

நான் தயங்கினேன். நிஜமாகவே தயங்கினேன். நீ அதைத்தான் கேட்டிருந்தாய். உங்கள் அப்பா சொன்னதும் அதுதான். தலையை ஆட்டப் போனேன், அப்போது கடைக் கதவு மணி அடித்தது.

"ஐஸ்கிரீமுன்னு சொல்லிட்டு இங்க என்ன புழு வாங்கிட்டிருக்க?" என்றபடி உன் அண்ணன் உள்ளே வந்தார்.

மேஜைமேல் அதைப் பார்த்துவிட்டார். டெல்பர்ட்டின் கை பாதி தூரம் நீண்டது, பிறகு நின்றது. அர்வோ அதை எடுத்தார். விசையில் விரல் போகவில்லை. தோட்டாக்கூட்டைக் கழற்றினார். மேல்பகுதியைப் பின்னால் இழுத்து உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்தார், விரலை விட்டும் பார்த்தார். பிறகு வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கீழே வைத்தார்.

"நல்ல துப்பாக்கி. எங்கப்பாகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. இது யாரோடது?" என்றார்.

டெல்பர்ட் என்னைப் பார்த்தார். என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. "ஒரு அம்மாவோடது. அவங்க புருஷனுக்கு உடம்பு சரியில்ல. சில சமயம் வீட்ல இருக்கறவங்களையே அடையாளம் தெரியல. இத விக்கறதா வெச்சுக்கறதான்னு தெரியாம தவிக்கறாங்க."

"புருஷன் என்ன சொல்றான்?"

"அவருகிட்ட கேக்க முடியல."

உன் அண்ணன் தாடையைத் தடவினார். பனி விழுமா விழாதா என்று வானத்தைப் பார்க்கும்போது செய்வாரே, அதே மாதிரி. "இதுல தவிக்கறதுக்கு என்ன இருக்கு? நிதானம் இல்லாத ஆளுகிட்ட இது இருக்கக் கூடாது. எங்கப்பாவே ஒரு வருஷம் அவரோடத எங்கம்மாகிட்ட குடுத்து, எனக்கே தெரியாம ஒளிச்சு வைன்னாரு. போர்லேர்ந்து வந்த புதுசுல. அவன் நல்லவனா இருந்தா, புத்தி தெளிவா இருக்கறப்ப அவனே வித்துடுன்னுதான் சொல்லுவான். வித்துடச் சொல்லு" என்றார். பிறகு டெல்பர்ட் பக்கம் விரலை நீட்டி, "அந்தம்மாவ வெலைல ஏமாத்திடாதடா" என்றார்.

டெல்பர்ட் ரசீதுத் தாள் தேடுவதாகச் சொல்லி மேஜைக்கு அடியில் குனிந்தவர், எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

உங்கள் அப்பா அதை ஒரு வருடம் ஒளித்து வைக்கச் சொன்ன கதை எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் வாக்கு வாக்கு என்று சொல்லியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். அதே இடத்தில் விஸ்கான்சின்காரருக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ரெய்னோ, உனக்கு அனுப்பாததற்குக் காரணம் கேட்பாய். ஜூலையில் நீ போன் செய்தாயே, படகு வேலை போய்விட்டது, முதுகு வலி, உன்னோடு இருந்த டோலோரெஸும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று. கடைசியில், "அத எனக்கு அனுப்பிடுங்க அண்ணி. எனக்குத்தான் அது இப்ப வேணும்" என்றாய். நிதானமாகச் சொன்னாய். அழவில்லை. அழுதிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அந்த நிதானம் எனக்குத் தெரியும். மெஷின் நின்ற பிறகு துணி துவைக்கும் அறையில் என் மனம் பேசிய குரல் அது. வேறு ஒன்றும் எழுத மாட்டேன். நான் தப்பாக நினைத்திருந்தால் நேரில் வந்து திட்டு.

அன்று வண்டியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே வந்தோம். ஏரி தெரிகிற திருப்பத்தில் உன் அண்ணன், "அந்தம்மா பாவம், லெம்பி. ஒத்தைல என்ன பண்ணுவா?" என்றார்.

"அவளுக்கு ஒரு கொழுந்தன் இருக்கான். ரொம்ப தூரத்துல" என்றேன்.

"தூரத்துல இருந்தா என்ன? அவனுக்கும் அங்க யாரு இருக்கா? வரச் சொல்லு" என்றார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீடு வரும் வரை விடவில்லை. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று கேட்காதே. நானும் கேட்கவில்லை.

மாடி அறையைத் துடைத்துப் படுக்கை விரித்தாகிவிட்டது. முதுகுக்குச் சவுனா நல்லது. இங்கே வேலை நிறைய இருக்கிறது, கூரை ஒழுகுகிறது, விறகு வெட்ட ஆள் இல்லை. உன் அண்ணன் உன்னை யாரென்று கேட்கலாம். கேட்டால் சர்ச்சில் பாத்திரம் கழுவுகிறவன் என்று சொல், உட்காரச் சொல்லிவிடுவார். டிக்கெட்டை நான் எடுத்து அனுப்புகிறேன். புறப்படும் வரை தினமும் ஒரு தடவை போன் செய். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் மூச்சு விடு, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கர்த்தர் உன்னை முழுசாக இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தட்டும். வந்துவிடு, தம்பி.

உன் அண்ணி,
லெம்பி